இணையவழித் தொலைபேசி இணைப்பில் பழைய மோடம்: தொடர்பு ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி:
நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றுடன் 33.6 கிலோபிட் மோடம் பல ஆண்டுகளாக இயங்கி வந்தது. செப்புக்கம்பி இணைப்பு நிறுத்தப்பட்டதால், இப்போது அந்த மோடத்தை இணையத் தொலைபேசி அடாப்டரில் செருகியிருக்கிறோம். அதே இணைப்பில் பேசினால் குரல் தெளிவாகக் கேட்கிறது. மோடமும் டயல் செய்கிறது, வழக்கமான இரைச்சலும் எழுகிறது. ஆனால் இணைந்த இரண்டொரு நிமிடத்தில் கேரியர் (மறுமுனை மோடத்தின் சமிக்ஞை அலை) விளக்கு அணைந்துவிடுகிறது. கருவியை மாற்றும் வாய்ப்பு இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
குரல் தெளிவாக இருப்பதை வைத்து இணைப்பு நன்றாக இருப்பதாக முடிவு செய்ய வேண்டாம். இணையத் தொலைபேசி ஒலியைப் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக அனுப்புகிறது, ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 மில்லிநொடி ஒலி இருக்கும். அது தொலைந்தால் காது பொருட்படுத்தாது, மோடமோ தடுமாறிவிடும். முதலில் அடாப்டரில் ஜி.711 கோடெக் (ஒலியை எண்களாக மாற்றும் முறை) மட்டும் இயங்கும்படி அமையுங்கள், ஜி.729 போன்றவை பேச்சுக்காகவே சுருக்குபவை என்பதால் மோடத்தின் அலைவடிவத்தைச் சிதைத்துவிடும். அமைதி நேரத்தில் பாக்கெட் அனுப்பாமல் இருக்கும் வசதியையும் எதிரொலி நீக்கியையும் அணைத்துவிடுங்கள். முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் பஃபர் தானாக மாறாமல் நிலையான அளவில் இருக்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது வேகத்தைக் குறைப்பது. 33.6 கிலோபிட் மோடம் பயன்படுத்தும் வி.34 முறையில் இரு திசைகளும் ஒரே அலைவரிசையைப் பகிர்வதால், தன் எதிரொலியை மோடமே கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுவில் தாமதம் சற்றே நகர்ந்தாலும் அந்தக் கணக்கு பிசகும். 2400 பிட் வேகமுள்ள வி.22பிஸ் முறையிலோ ஒரு திசைக்கு 1200 ஹெர்ட்ஸ், மறு திசைக்கு 2400 ஹெர்ட்ஸ் என்று கேரியர்கள் பிரிந்திருப்பதால் இந்தச் சிக்கலே எழாது. அளவீடுகளை அனுப்ப அந்த வேகம் தாராளமாகப் போதும்.

பதில் 2:
டி.38 வசதியை இயக்கிப் பார்க்கும்படி யாராவது சொல்லக்கூடும். அது தொலைநகலுக்கு மட்டுமே, மோடத்துக்கு உதவாது. மோடத்துக்கென வி.150.1 என்ற தரமுறை உண்டு, ஆனால் இருமுனைச் சாதனங்களும் அதை ஏற்க வேண்டும். கேரியர் மறைந்தபின் மோடம் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்பதைக் குறிக்கும் எஸ்10 மதிப்பையும் கவனியுங்கள். வழக்கமாக அது 14, அதாவது 1.4 நொடி, 50 ஆக்கினால் கேரியர் சிறிது நேரம் மறைந்தாலும் மோடம் உடனே துண்டிக்காது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 2400 பிட் வேகத்தில், பஃபரையும் நிலையாக வைத்தபின், முழுப் பதிவும் தடையின்றி வந்துவிட்டது. ஆனால் அதே இணையத்தில் யாராவது பெரிய கோப்பை ஏற்றினால் மீண்டும் அறுந்துபோகிறது.

பதில் 1:
ரவுட்டரில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுங்கள், ஜி.711 அழைப்பு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 80 கிலோபிட் கேட்கும். மற்றொன்று, செப்புக்கம்பி இணைப்புக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வந்தது. இப்போது உங்கள் இடத்தில் மின்சாரம் நின்றால் ரவுட்டரும் அடாப்டரும் சேர்ந்தே நின்றுவிடும். ஆகவே இரண்டையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள்.