எலிக்கு எந்த பெல்லட்? – புதுப்பிப்பு

செங்கோட்டை வீட்டுக் கொல்லையில் தேங்காய்க் குவியலைக் குடையும் எலிகளுக்கு 0.177 அங்குலக் குழல் ஏர் ரைஃபிளில் (காற்றழுத்தத் துப்பாக்கி) போடும் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, கூர்முனையா, தட்டைமுனையா என்று போன மாதம் கேட்டிருந்தேனே. கூர்முனைதான் என்று நானே அடம்பிடித்தேன். தப்பு. 15 மீட்டரில் அட்டை வைத்து ஐந்தைந்தாகச் சுட்டதில் கூர்முனைக் குண்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் பட்டன. தட்டைமுனை ஐந்தும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் பட்டன. தூரம் கூடினால் உருண்டைமுனைதான் தேவலை, தட்டை சீக்கிரம் வேகம் இழந்துவிடும். குண்டின் எடை 8 கிரெயின், அதாவது அரை கிராம் சொச்சம். பின்னால் மண்மூட்டை அடுக்காமல் சுடுவதில்லை. கல்லில் பட்டால் தெறிக்கும். செத்த எலியைப் புதைத்துவிடுகிறேன், அதைத் தின்று ஈயம் ஆந்தை வயிற்றுக்குப் போகக் கூடாதே.

இதுவரை நான்கு எலி சுட்டிருக்கிறேன். புனலூர் மச்சான் தேங்காய்ச் சில்லு வைத்து எலிப்பெட்டியிலேயே ஆறு பிடித்துவிட்டார், அது வேறு கதை.