அப்பாவுக்குக் குறைந்த விலையில் கணினி: எஸ்.பி. ரோட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

அல்சூர் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் அப்பா, அம்மாவின் மறைவுக்குப் பிறகு பெங்களூரில் எங்களோடு இருக்கிறார். அவருக்கு வயது 71. இதுவரை கைப்பேசியிலேயே செய்தி படித்தும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு காணொளியில் பேசியும் வந்தவர், இப்போது சிறிய திரையைப் பத்து நிமிடம் பார்த்தாலே தலை வலிக்கிறது என்கிறார். ஊரைப் பற்றியும் தம் அலுவலக நாட்களைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கிறது. பேனா பிடித்தால் கை நடுங்குகிறது. தட்டச்சு என்றால் நடுங்குவதில்லை.

என்னால் ஒதுக்க முடிந்தது 20,000 ரூபாய். மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, இணையத்தில் 17,000 ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய மடிக்கணினி. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இரண்டு, இங்குள்ள கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் 9,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்ன "ஐ5, 8 ஜிபி" செகண்ட் ஹேண்ட் கணினி. மூன்று, 2013இல் வாங்கி இப்போது பரணில் கிடக்கும் எங்கள் பழைய மேசைக்கணினி.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. வாங்கிய கணினி அடிக்கடி நின்று நின்று ஓடினால், தமக்குத்தான் இயக்கத் தெரியவில்லை என்று அப்பா நினைத்துக்கொண்டு அதன் பக்கமே போகாமல் இருந்துவிடுவார். எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் பழுதுபார்ப்பவர்

வணக்கம் சகோதரி. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வழியை இப்போதே விட்டுவிடுங்கள். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவுகள். வசதியாக வேலை செய்வதற்கான அளவுகள் அல்ல. அந்த 64 ஜிபியும் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகமாக இராது, இ.எம்.எம்.சி. என்ற மெதுவான வகையாக இருக்கும். கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கழற்றிப் பெரிதாக்கவும் முடியாது. போன மாதம் ஒரு கல்லூரி மாணவி அப்படிப்பட்ட மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அதில் அவர் சேமித்திருந்தது சில பாடக்குறிப்புகள்தான். ஆனால் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் இடத்தை அடைத்துக்கொண்டு 2 ஜிபியே மீதி வைத்திருந்தன. அடுத்த புதுப்பிப்பு இறங்க இடமில்லாமல் நாள்தோறும் முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. தேவையற்ற கோப்புகளை நான் துடைத்துக் கொடுத்தேன். அவர் மறுபடியும் வருவார் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி நல்ல வழி. ஆனால் "ஐ5" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐ5 என்ற பெயரில் பல தலைமுறை பிராசஸர்கள், அதாவது கணினியின் மூளையான சில்லுகள், இருக்கின்றன. தலைமுறையைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது. இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்டின் முறையான ஆதரவு உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய தலைமுறைக் கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவார்கள். ஆனால் அதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. அப்பா ஓய்வூதியக் கணக்கை அதில் பார்ப்பார் என்றால் இதை அலட்சியம் செய்ய முடியாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பகுதியைத் திறந்து எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது, அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் சிறிய பெட்டிக் கணினிகளை. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்ற பெயர்களில் வரும். ஒரு தடித்த அகராதியின் பருமன்தான் இருக்கும். அவற்றில் ஐ5-8500டி போன்ற பிராசஸர் இருந்தால் அது 35 வாட் வகை. சூடும் குறைவு, விசிறிச் சத்தமும் குறைவு. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இரண்டும் இருக்க வேண்டும். சுழலும் தட்டுள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க் மட்டுமே உள்ள கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நீங்கள் அஞ்சுகிற அந்த "நின்று நின்று ஓடுதல்" என்னிடம் வரும் பெரும்பாலான கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கால் வருவதுதான்.

கடையிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. கணினியை அணைத்து மறுபடி போடச் சொல்லி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பகுதிக்குள் போகச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எஸ்.எஸ்.டி.யின் ஆயுள் எத்தனை விழுக்காடு மீதி இருக்கிறது என்று காட்டும். பிறகு ஒரு காணொளியை இருபது நிமிடம் ஓடவிட்டு, மிகவும் சூடாகிறதா என்று காற்று வெளியேறும் துளையருகே கை வைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை. பில்லில் பெட்டியின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அது இல்லாத உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு பின்னால் வாதாட முடியாது.

விவேக்நகர் தாத்தா

அம்மா, எனக்கு வயது 74. உங்கள் தந்தையாரின் நிலையில் இருப்பவன் என்பதால் இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். முதலாவது, மடிக்கணினி வேண்டாம். திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். இரட்டைக் குவியக் கண்ணாடி (பைஃபோகல்) போட்டவர்களுக்குக் கழுத்து போய்விடும். 22 அங்குல மானிட்டர் ஒன்றை, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, அவர் தட்டச்சர் என்கிறீர்கள். அவர் கற்றது பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பாகத்தான் இருக்கும். விண்டோஸ் 11இல் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அது மிக எளிது. ஆனால் முப்பது ஆண்டு விரல் பழக்கத்தை 71 வயதில் மாற்றச் சொல்வது தவறு. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பு உண்டு. பொறியில் கொம்பை (ெ, ே போன்ற குறிகளை) முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையிலோ எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. அந்த மாற்றத்தை மென்பொருள் சரியாகச் செய்கிறதா என்று "பெங்களூர்" என்று அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மின்வெட்டின்போது கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் ஒரு 600 விஏ யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும். பாதியில் மின்சாரம் போய், எழுதிய பக்கம் காணாமல் போனால் எங்கள் வயதில் அதை மறுபடி எழுத மனம் வராது.

மின்ட் பயனர், ராமமூர்த்தி நகர்

பரணில் இருக்கும் மூன்றாவது வழியை யாரும் பேசவில்லை. 2013ஆம் ஆண்டுக் கணினி என்றால் அநேகமாக நான்காம் தலைமுறையாகவோ அதற்கு முந்தியதாகவோ இருக்கும். விண்டோஸ் 11க்கு உதவாது என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, ரேமை 8 ஜிபியாக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினால் செய்தி, காணொளி, வங்கி, எழுத்து எல்லாமே நடக்கும். மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. மென்பொருளுக்கு ஒரு காசு செலவில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99, பழைய தட்டச்சு இரண்டையுமே சேர்த்துக்கொள்ளலாம். ஓடக்கூடிய ஒரு பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிவாஜிநகர் பழுதுபார்ப்பவர்

நண்பர் சொல்வது சரிதான். நானே பலருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டு ஆன பெட்டியில் பவர் சப்ளை எப்போது வேண்டுமானாலும் போகலாம். மகள் அலுவலகத்தில் இருக்கும்போது, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு அப்படி ஒரு பொருளைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அல்சூர் மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு எஸ்.பி. ரோடு போய்வந்தேன். 9,000 ரூபாய் சொன்ன கடையில் அபவுட் பகுதியைத் திறக்கச் சொன்னேன். ஐ5-3470 என்று இருந்தது. இரண்டாவது கடையில் எட்டாம் தலைமுறைதான், ஆனால் பயாஸ் கடவுச்சொல் கேட்டது. "அதெல்லாம் தேவைப்படாது மேடம்" என்றார்கள், வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடையில் ஐ5-8500டி, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ள சிறிய பெட்டி 12,500 ரூபாய்க்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.டி.யின் ஆயுள் 91 விழுக்காடு என்று காட்டியது. பழைய 22 அங்குல மானிட்டரும் யூ.பி.எஸ்.ஸும் சேர்த்து 19,000க்குள் முடிந்தது. பெட்டியில் மானிட்டரை இணைக்க டிஸ்ப்ளேபோர்ட் என்ற துளை மட்டுமே இருந்ததால் எச்.டி.எம்.ஐ. மாற்றி ஒன்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இத்தகைய பெட்டி வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம். கேமராவும் மைக்கும் அதில் கிடையாது. அவற்றை அடுத்த மாதம் வாங்கவிருக்கிறேன்.

விசைப்பலகையை மட்டும் அப்பாவே தேர்ந்தெடுத்தார். மேசையில் இருந்த நான்கையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து, திரையையே பார்க்காமல் இடக்கை நான்கு விரல்களால் ய, ள, ன, க என்று தட்டிப் பார்த்தார். விசைகள் ஆழமாக இறங்கி மேலெழும் ஒன்றை எடுத்துக்கொண்டார். என்.எச்.எம். ரைட்டரில் "பெங்களூர்" சரியாகவே வருகிறது. ஞாயிறு மாலைக்குள் இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறார். இன்னும் எனக்குக் காட்டவில்லை.

ராமமூர்த்தி நகர் நண்பருக்கு ஒரு கேள்வி. பழைய பெட்டியில் மின்ட் போட்டுப் பார்க்க என் மகன் ஆசைப்படுகிறான். திறந்து பார்த்ததில் டி.டி.ஆர்.3 வகை ரேம், 4 ஜிபி ஒன்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் ஓர் இடம் காலியாக உள்ளது. அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் பொருத்தினால் போதுமா?

மின்ட் பயனர், ராமமூர்த்தி நகர்

போதும் அம்மா. இருக்கும் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேகத்தைக் குறிக்கும் 1600 என்ற எண் இருந்தால் அதையே கேளுங்கள். மகனுக்கு நிறுவும்போது எங்காவது தடங்கல் வந்தால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள்.