கேவிஎம்மில் எழுதிய சிறு ஹைப்பர்வைசர்: கெஸ்ட் கர்னலின் செய்திகள் எழுத்தெழுத்தாக ஊர்கின்றன

கேள்வி:
லினக்ஸ் கர்னலிலேயே உள்ள மெய்நிகராக்க வசதியான கேவிஎம் இடைமுகத்தைக் கொண்டு, சி மொழியில் ஒரு சிறு ஹைப்பர்வைசரை (மெய்நிகர் கணினிகளை உருவாக்கி ஓட்டும் நிரலை) எழுதி வருகிறேன். கெஸ்ட்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினிக்கு, 256 எம்பி நினைவகமும் ஒரே ஒரு விசிபியுவும் (மெய்நிகர் செயலி) கொடுத்து, லினக்ஸ் கர்னலை ஏற்றி, 'ஏர்லிபிரிண்ட்கே' (முழு டிரைவர்கள் தயாராகும் முன்பே செய்தி காட்டும் கர்னல் வசதி) வழியாக முதல் சீரியல் போர்ட்டில் செய்திகளை எழுதச் செய்திருக்கிறேன். கர்னல் தொடங்கிவிடுகிறது. ஆனால் செய்திகள் வரிவரியாக வராமல், தட்டச்சு பழகுபவர் அடிப்பதுபோல் எழுத்தெழுத்தாக வருகின்றன. அந்நேரம் முழுவதும் ஹோஸ்டின் (இதை ஓட்டும் உண்மைக் கணினியின்) ஒரு கோர் நூறு சதவீதம் ஓடுகிறது. அந்தச் சீரியல் போர்ட்டின் தொடக்க முகவரியான 1016ஆம் போர்ட்டில் (எண்களைப் பதின்மத்திலேயே தருகிறேன்) எழுதப்படும் பைட்டைத் திரையில் காட்டுகிறேன். எந்தப் போர்ட்டை வாசித்தாலும் 0 தருகிறேன். தவறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1:
இந்த ஹைப்பர்வைசரையே வேறொரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு எக்சிட்டுக்கும் (கெஸ்ட் நின்று, கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குத் திரும்புவதற்கு) ஆகும் செலவு பல மடங்காகும்.

கேட்டவர்:
இல்லை ஐயா, நேரடியாக வன்பொருளில்தான் ஓடுகிறது. உங்கள் கேள்விக்குப் பிறகு எக்சிட்களை எண்ணிப் பார்த்தேன். ஓர் எழுத்து வெளிவருவதற்கு முன் 1021ஆம் போர்ட் சரியாக 65,535 முறை வாசிக்கப்படுகிறது. அதன் பிறகே 1016இல் ஒரு பைட் எழுதப்படுகிறது.

மறுமொழி 2:
விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. 1021 என்பது சீரியல் சில்லின் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். அதில் 32 மதிப்புள்ள பிட் எழும்பியிருந்தால்தான் அடுத்த பைட்டை அனுப்ப இடம் இருப்பதாகக் கர்னல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் 0 தருவதால் அது 65,535 முறை கேட்டுப் பார்த்து, பொறுமையிழந்து, எழுத்தை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. அனுப்பும் பகுதி முற்றிலும் காலி என்பதையும் சேர்த்து 96 தாருங்கள்.

தெரியாத போர்ட்டுகளுக்கு 0 தருவதையும் கைவிடுங்கள். சாதனம் இல்லாத இடத்தை வாசித்தால் எல்லா பிட்களும் 1 ஆக, அதாவது 255 ஆக வருவதே வழக்கம். (முதலிலிருந்தே அப்படித் தந்திருந்தால் இந்தப் பிழை தற்செயலாக மறைந்திருக்கும், நீங்கள் 0 தந்தது ஒருவகையில் நல்லதாயிற்று.)

கேட்டவர்:
96 தந்தவுடன் செய்திகள் கொட்டுகின்றன, மிக்க நன்றி. ஆனால் முழுமையான சீரியல் டிரைவர் பொறுப்பேற்க வேண்டிய இடத்தில், அப்படியொரு போர்ட்டே இல்லை என்பதுபோல் கர்னல் கடந்துவிடுகிறது.

மறுமொழி 2:
அந்த டிரைவர் 1017இல் உள்ள இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டரில் (இன்டரப்ட் என்பது சாதனம் செயலியை அழைக்கும் சமிக்ஞை) முதலில் 0, பிறகு 15 எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று சோதிக்கும். வராவிட்டால் சில்லே இல்லை என்று முடிவு செய்யும். ஆகவே எழுதியதை நினைவில் வைக்கும் சாதனமாக அதை மாற்ற வேண்டும். இந்த இடத்தில் ஸ்விட்ச் கூற்றுகளை நீட்டிக்கொண்டே போகாமல், தொடக்க போர்ட், நீளம், வாசிக்கும் செயற்கூறு, எழுதும் செயற்கூறு, சாதனத்தின் சொந்த நிலை ஆகியவற்றைக் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை உருவாக்கி, எக்சிட் வரும்போது அதன் பட்டியலில் தேடுங்கள். நாளை வட்டு, வலையமைப்பு என எதைச் சேர்த்தாலும் விசிபியு சுழற்சியில் கைவைக்க வேண்டியிராது. எக்சிட் தகவலில் உள்ள கவுண்ட் புலத்தையும் மதியுங்கள், ஒரே எக்சிட்டில் பல பைட்டுகள் வரலாம். இவற்றுக்குப் பிறகும் டிரைவர் வழியே வெளியீடு தேங்கினால், கேவிஎம்மின் இன்டரப்ட் சில்லை உருவாக்கியிருக்கிறீர்களா, 4ஆம் இன்டரப்ட் கோட்டை எழுப்புகிறீர்களா என்று பாருங்கள்.