மகனுக்கு டிஸ்லெக்சியா: ரெமீடியல் தெரபிக்கும் டியூஷனுக்கும் என்ன வித்தியாசம்?

ஈரோடு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. வாய் திறந்தால் கெட்டிக்காரன். ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று அரை மணி நேரம் விளக்குவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முகம் அப்படியே மாறிவிடும். ஆங்கிலத்தில் 'வாஸ்' என்று இருப்பதை 'சா' என்று படிக்கிறான். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி மாறி விழுகின்றன. இரண்டு வருடமாக தினமும் மாலை டியூஷன் போகிறான். பாடம் ஒப்பிக்கிறான், ஆனால் வாசிப்பு முதல் வகுப்பில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

போன மாதம் உளவியல் நிபுணரிடம் டெஸ்ட் எடுத்தோம். அறிவுத்திறன் சராசரிக்கு மேல், டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வருகிற கற்றல் குறைபாடு இருக்கிறது, வாரம் மூன்று நாள் ரெமீடியல் தெரபி வேண்டும் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அதைக் கொடுக்கிற ஒரு எஜுகேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாராம். என் கணவர், "இதுவும் டியூஷன்தானே, பேர்தான் வேற, பீஸ்தான் கூட" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே உட்கார வைத்து அவர் அப்படி என்னதான் செய்வார்? நல்ல தெரபிஸ்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதுரை ஸ்பெஷல் எஜுகேட்டர்:

பாருங்கம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் வருகிற அப்பாக்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டியூஷனில் நாளைக்குப் பள்ளியில் என்ன வேண்டுமோ அதை முடித்துக் கொடுப்பார்கள். வீட்டுப்பாடம், கேள்வி பதில், டெஸ்டுக்கு மனப்பாடம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது போதும். உங்கள் மகனுக்கு அடைப்பு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. காதில் விழும் சொல்லைத் தனித்தனி ஓசையாகப் பிரிப்பது, அந்த ஓசையை எழுத்தோடு சேர்ப்பது, இந்த இரண்டும் அவனுக்குத் தானாக வரவில்லை. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். கண் பார்வையிலோ புத்தியிலோ குறை கிடையாது. அதனால்தான் கண் பயிற்சி, கலர் கண்ணாடி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள் என்கிறேன். அதனால் வாசிப்பு வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அவன் சரளமாகப் படிக்கிற பழைய பாடம் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு சொல்லை மட்டும் விரலால் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். தடுமாறினால், அவன் பக்கத்தைப் படிக்கவில்லை, ஒப்பிக்கிறான் என்று அர்த்தம். மனப்பாடத்திலேயே நான்காம் வகுப்பு வரை வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய ஞாபக சக்தியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தினமும் படுகிற பாட்டை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகும். இவர்களைத்தான் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? பெரும்பாலும் 45 நிமிடம். என் மேசையில் புத்தகத்துக்கு முன்னால் சட்டைப் பித்தான்கள்தான் இருக்கும். நான் 'ஷிப்' என்று சொல்வேன். பிள்ளை ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு பித்தானை முன்னால் தள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து 4, ஓசை 3. நான்காவது பித்தானை நோக்கிக் கை போகும், அப்புறம் நிற்கும், வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக் கையை எடுக்கும். அந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் அத்தனை நாள் உழைப்பும். அதற்குப் பிறகுதான் எழுத்து அட்டை. முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே ஓசை என்பதால் ஒரே அட்டையில் இருக்கும். பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, மணல் தட்டில் விரலால் எழுதி, கடைசியில் நோட்டில். கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் போட்டுக் கொடுத்த பாதை இது. இன்று உலகம் முழுக்க ரெமீடியல் வகுப்புகள் பலவும் ஏதோ ஒரு விதத்தில் இதிலிருந்து வந்தவைதான்.

தமிழுக்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். நம் எழுத்து ஓசையோடு ஒத்துப்போகிறது, அது பெரிய வசதி. ஆனால் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய் வருகிறதே, அங்கேதான் இந்தப் பிள்ளைகள் திணறுகிறார்கள். 'கோவில்' என்று எழுதச் சொன்னால் காதில் முதலில் விழுவது 'க்', கை முதலில் போட வேண்டியது இரட்டைக் கொம்பு. அப்புறம் க, அப்புறம் துணைக்கால். கேட்கிற வரிசை ஒன்று, எழுதுகிற வரிசை இன்னொன்று. உங்கள் மகனுக்குக் கொம்பும் காலும் இடம் மாறுவது இதனால்தான், கவனக்குறைவால் இல்லை. நான் கொம்பையும் காலையும் ஒரே சிவப்புக் கலரில் எழுதி, நடுவில் இருக்கிற எழுத்தைக் கறுப்பில் எழுதுவேன். சிவப்பு மாறாமல் கறுப்பு மட்டும் மாறும்: கோ, போ, தோ, மோ. அது பழகிய பிறகுதான் அடுத்த குறியீடு. பள்ளியில் ஒரே வாரத்தில் முடிக்கிற வரிசையை நாங்கள் மாதக்கணக்கில் ஓட்டுவோம். கூடவே 'கடல்'-இல் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ம' போடு, 'உ' போடு என்று வாய்வழி விளையாட்டு நடந்துகொண்டே இருக்கும்.

நல்லவரா என்று பார்க்க: முதல் நாளே பாடம் எடுக்க ஆரம்பிக்கிறவர் வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டை முழுக்கப் படித்து, தானும் சில வகுப்புகளில் பிள்ளையைச் சோதித்து, எந்தப் படியில் நிற்கிறான் என்று எழுதிக் காட்ட வேண்டும். அதிலிருந்து அவனுக்கென்று ஒரு கற்பித்தல் திட்டம் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து "நல்லா இம்ப்ரூவ் ஆகிறான்" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். அன்று எந்தச் சொல்லைப் படிக்கவில்லை, இன்று எதைப் படிக்கிறான் என்று நோட்டில் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்துகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இது வாழ்நாள் முழுக்கக் கூட வருகிற விஷயம். வாசிப்பு வரும், வேகமும் கூடும், ஆனால் காய்ச்சல் போல வந்துவிட்டுப் போய்விடாது.

தகுதியையும் பாருங்கள். எஜுகேஷனல் தெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிட முடிகிறது. கற்றல் குறைபாட்டில் சிறப்புக் கல்வி டிப்ளமோவோ பி.எட்.டோ முடித்தவர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். தயங்காமல் கேளுங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 30 வருடத்துக்கும் மேலாக ஆசிரியர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறது. அங்கே பயிற்சி எடுத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் எங்கே படித்தார் என்று விசாரியுங்கள்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தெரபி ஆரம்பித்தால் டியூஷனை நிறுத்துங்கள், இல்லை பாதியாகக் குறையுங்கள். காலை முதல் மாலை வரை பள்ளியில் தோற்றுவிட்டு வருகிற பிள்ளை, அதன் பிறகு இரண்டு இடத்துக்குப் போனால் எங்களிடம் வரும்போது அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது.

கோவை அப்பா:

மேடம் சொன்னது அத்தனையும் உண்மை. என் மகள் இப்போது பிளஸ் ஒன். ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரபி போனவள். நான் சர்டிபிகேட் விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாமல் நிறையப் பேர் கடைசி நேரத்தில் அலைகிறார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 1995-இல் வந்த பழைய சட்டத்தில் இது கிடையாது. தனியார் உளவியல் நிபுணரின் ரிப்போர்ட் தெரபி ஆரம்பிக்கப் போதும். பொதுத் தேர்வுச் சலுகைக்கு அது மட்டும் போதாது, அரசு மருத்துவமனை வழியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். மகள் படித்த பள்ளியில் "பத்தாம் வகுப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிக்கொண்டே போனார்கள். நாங்கள் அந்தப் பேச்சைக் கேட்காமல் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கிவிட்டோம். உங்கள் பையனுக்கு 8 வயது தாண்டியிருக்கும், அதனால் இப்போதே தொடங்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்று சொல்வார்கள்.

பத்தாம் வகுப்பில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம், மொழிப்பாட விலக்கும் கேட்கலாம். மகள் நேரம் மட்டும் போதும் என்றாள். கேள்வித்தாளை நிதானமாக இரண்டு முறை படிக்க முடிந்ததுதான் அவளுக்குப் பெரிய வித்தியாசம். இது சலுகை இல்லை, அவளுடைய உரிமை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

சிங்கப்பூர் தமிழாசிரியர்:

இங்கே எஜுகேஷனல் தெரபிஸ்ட் என்பதே பதவியின் பெயர். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இல் தொடங்கியது, அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். சிறிய குழுக்களாகப் படிக்கிறார்கள். என் மாணவர்கள் சிலர் அங்கே போகிறார்கள். அவர்கள் வாசிக்கும் நிலையை வைத்துத்தான் பாடம், பள்ளியில் எந்த வகுப்பு என்பதை வைத்து இல்லை. உங்கள் மகன் நான்காம் வகுப்பாக இருந்தும் தெரபிஸ்ட் முதல் வகுப்புச் சொற்களில் ஆரம்பித்தால் பதறாதீர்கள், அதுதான் சரியான தொடக்கம்.

ஈரோடு அம்மா:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அந்த விரல் சோதனையை அவரே செய்து பார்த்தார். மூன்று சொல் காட்டினார், ஒன்றுகூட வரவில்லை. பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, தெரபிஸ்டுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி. வகுப்பில் வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்கிற நாளில் காலையிலேயே வயிற்று வலி என்கிறான். இதற்கு என்ன செய்ய? வீட்டில் நான் எவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டும்?

மதுரை ஸ்பெஷல் எஜுகேட்டர்:

அந்த வயிற்று வலியை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள், ரிப்போர்ட்டின் நகலையும் கொடுங்கள். எதிர்பாராமல் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். வாசிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டில் பழகிக்கொண்டு போவான். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். அறிவியல், சமூக அறிவியலில் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போட முடியுமா என்றும் கேளுங்கள். ராக்கெட்டை அரை மணி நேரம் விளக்குகிற பிள்ளை அதில் பிரமாதமாகப் பதில் சொல்வான். நல்ல ஆசிரியர்கள் இதைக் கேட்டதும் செய்வார்கள், அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் குறை. உங்கள் தெரபிஸ்டே பள்ளிக்கு வந்து பேசவும் தயாராக இருக்க வேண்டும், அது எங்கள் வேலையில் பாதி.

வீட்டில் தெரபிஸ்ட் கொடுக்கிறதை மட்டும் 10, 15 நிமிடம் செய்தால் போதும். அழ ஆரம்பித்தால் மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி படுக்கும்போது நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவனால் படிக்க முடியாத பெரிய புத்தகமாக இருக்கட்டும். வாசிப்பு மெதுவாக வரும், ஆனால் அதுவரைக்கும் அறிவும் சொல்வளமும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், முதல் நாள் போகும்போது அவனுடைய பழைய நோட்டுகளை எடுத்துப் போங்கள். டியூஷனில் பார்த்து எழுதிய சுத்த நோட்டு வேண்டாம், அவனாகவே டிக்டேஷன் எழுதி நிறையச் சிவப்புக் கோடு வாங்கிய நோட்டு. எங்களுக்கு அதுதான் வேண்டும்.