மறு: ‘ஃப்ராக்கிங்’, ‘பிரிட்ஜ் ஃபியூவல்’ – இரண்டுக்கும் சொல் வேண்டும்

க.வே. எழுதியது:

வணக்கம். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறை எரிவாயு பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களில் வேலை நிற்கிறது. ஒன்று ஃப்ராக்கிங். ஆழத்தில் துளையைப் படுக்கைவாட்டில் திருப்பி, நீரும் மணலும் கொஞ்சம் வேதிப்பொருளும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திக் களிப்பாறையைப் பிளப்பது. பிளந்த வாய் மூடாமல் மணல் முட்டுக்கொடுக்கும். அந்த வழியே வாயு வரும். மற்றது பிரிட்ஜ் ஃபியூவல். நிலக்கரியை விட்டுக் காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் போய்ச் சேரும்வரை எரிவாயுவை வைத்துச் சமாளிக்கலாம் என்கிற வாதம். ‘நீரியல் விரிசல்’, ‘பால எரிபொருள்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ந.ச. எழுதியது:

நீரியல் என்பது ஒரு துறையின் பெயர். இங்கே வேலை செய்வது நீரின் அழுத்தம். அதைவிடப் பெரிய குறை ‘விரிசல்’. சுவர் விரிசல் விடும், கோடையில் வயல் விரிசல் விடும். அதற்குச் செய்பவர் தேவையில்லை. ஃப்ராக்கிங் செய்வினை. 1949இல் வணிக முறையில் தொடங்கிய இந்த வேலையை, ஜார்ஜ் மிட்செலின் எரிவாயு நிறுவனம் 1990களில் டெக்சாஸின் பார்னெட் பாறையில் விடாப்பிடியாகச் செய்துபார்த்து இலாபமாக்கியது. பாறை தானாக விரிந்ததுபோல் ஒரு சொல்லை நாம் கொடுக்கக்கூடாது.

பிள், விள் இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. பிளவு, பிளாச்சு ஒரு பக்கம். விள்ளல், விண்டு மறுபக்கம். சங்கப் பாட்டில் மலைப்பிளவுக்கு ‘விடர்’ என்றும் ஒரு சொல் வரும். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். என் பரிந்துரை: நீர்ப்பிளவை.

சா. எழுதியது:

ஐயா, பிளவை வேண்டாம். முதுகில் வரும் ராஜபிளவைதான் முதலில் நினைவுக்கு வரும். சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம். வேர் அதுவே இருக்கட்டும், ‘பிளப்பு’ என்று முடியுங்கள்.

த.கு. எழுதியது:

சிலர் ‘நீரழுத்த உடைப்பு’ என்றும் எழுதுகிறார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் உடைப்பு என்றால் ஆற்றங்கரை உடைவதுதான். மணல்மூட்டையோடு ஓட வேண்டிய விஷயம். 2017இல் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் உட்கார்ந்து போராடியவர்கள் ஹைட்ரோகார்பன், மீத்தேன் என்றே பேசினார்கள். தூய சொல் இல்லாததால் யாருக்கும் எதுவும் விளங்காமல் போகவில்லை. ஃப்ராக்கிங் என்றே போடுங்கள் அண்ணே.

ந.ச. எழுதியது:

மீத்தேன் பொருளின் பெயர், இருக்கட்டும். ஃப்ராக்கிங் செயலின் பெயர். செயலுக்கும் இரவல் வாங்கினால் வினைச்சொல்லை எங்கே தேடுவது? ‘ஃப்ராக்கினார்கள்’ என்றா எழுதப்போகிறோம்?

ம. எழுதியது:

முதல் சொல்லிலேயே எல்லோரும் நிற்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் கவலை. பாலம் என்றால் அக்கரை உறுதி என்றாகிறது. எரித்தால் நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி கரியமில வாயுதான் வரும், உண்மை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு சூடேற்றும். 2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோவர்த் குழு இந்தக் கசிவைக் காட்டித்தான் பாலத்தைக் கேள்வி கேட்டது. ‘இடைக்கால எரிபொருள்’ போதும்.

சா. எழுதியது:

ஹோவர்த்துக்கு மறுப்பு அதே பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. லாரன்ஸ் கேத்தில்ஸ் குழு 2012இல், கசிவை மிகையாகக் கணக்கிட்டார்கள் என்றது. அமெரிக்க மின்சாரத்தில் 2005இல் பாதியளவு இருந்த நிலக்கரி 2022இல் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அதில் பெரும் இடத்தைப் பிடித்தது எரிவாயுதான். பாலம் என்று சொன்னவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. அவர்கள் வாதத்தை அவர்கள் சொல்லிலேயே வாசகர் கேட்கட்டும்.

க.வே. எழுதியது:

சரி, ‘நீரழுத்தப் பிளப்பு’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘நீரழுத்தத்தால் பிளந்தார்கள்’ என்று வினையும் கிடைக்கிறது. முதல் இடத்தில் மட்டும் ‘ஃப்ராக்கிங் எனப்படும்’ என்று சேர்ப்பேன். அடுத்தது, என் நடையில் ‘இடைக்கால எரிபொருள்’, ஆதரவாளர் பேச்சில் ‘பால எரிபொருள்’. பெரும்பாலானோர் ஒப்புவதாக எடுத்துக்கொள்ளலாமா?

த.கு. எழுதியது:

முதலாவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சொல்லடைவில் ஃப்ராக்கிங்கும் தனிப் பதிவாக இருக்கட்டும். அந்தச் சொல்லைத்தான் பிள்ளைகள் தேடுவார்கள்.

ம. எழுதியது:

ஒப்புகிறேன், அரைமனத்தோடு. குழாய்த்தடம் பதித்தால் பல பத்தாண்டு கிடக்கும். அதை இடைக்காலம் என்பதும் தாராளம்தான். அப்புறம், பிளப்புக்குப் பின் கிணற்றிலிருந்து மேலே திரும்பி வரும் உப்புநீருக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்? மார்செல்லஸில் அந்த நீரில் ரேடியமும் கலந்து வருகிறது. ‘கழிவுநீர்’ என்றால் சாக்கடை என்று போய்விடும்.

ந.ச. எழுதியது:

‘மீள்நீர்’. காரணம் இரவு எழுதுகிறேன்.