உயிரியல் மாணவர்களுக்கு ஆய்வு முறையியலையும் பைதனையும் சேர்த்துக் கற்பிக்கலாமா?

கேள்வி (திருகோணமலை)

வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பயின்று வந்த முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆய்வு முறையியலும் பைதன் நிரலாக்க மொழியும் கற்பிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலானோருக்கு நிரலாக்கம் முற்றிலும் புதிது. சிலரிடம் மடிகணினியும் இல்லை. முறையியலை முடித்த பின் பைதனுக்குச் செல்வதா, இரண்டையும் சேர்த்தே நடத்துவதா?

பதில் 1

சேர்த்தே நடத்துவதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். மாணவர்களைக் கொட்டியாரக் குடாவின் கண்டல் ஓரத்திற்கு அழைத்துச் சென்று, ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தினுள் தென்படும் நண்டு வளைகளை எண்ணச் செய்யுங்கள். முதற் சட்டத்தில் நான்கு வளைகள், அடுத்ததில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் நீர் ஏறிவிட்டதால் எண்ணவே முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எண்ண முடியாத இடத்தை அட்டவணையில் வெறுமையாக விட்டால், பைதனில் அட்டவணைகளைக் கையாளும் நிரலகமான பாண்டாஸ் அதைத் தவிர்த்துவிட்டு இடை (சராசரி) 2 என்று தரும். அங்கே பூச்சியம் எழுதிவிட்டால் 1.33 என்று தரும். இரு தடவையும் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். எது உண்மை என்பதைச் சேற்றில் நின்று எண்ணிய மாணவர்தான் சொல்ல முடியும் என்பதால், இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே முறையியலும் நிரலாக்கமும் பிரிக்க முடியாதபடி வந்துவிடுகின்றன.

மடிகணினி இல்லாதோர் கூகுள் கோலாபைப் பயன்படுத்தலாம். அது உலாவியிலேயே இயங்கும். நிறுவ வேண்டியது எதுவுமில்லை.

பதில் 2

மேலே கூறியதை ஏற்கிறேன். ஆயினும் களத்திற்குப் போகுமுன் மாதிரித் திட்டத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒரே மரத்தில் பறித்த பத்து இலைகளைப் பத்துத் தனித்த மாதிரிகளாகக் கொள்ளும் போலி மீள்மாதிரித் தவற்றைச் சூழலியலாளர் ஹர்ல்பேர்ட் 1984ஆம் ஆண்டிலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். பைதனுக்கு அவை வெறும் பத்து வரிசைகள், அது எச்சரிக்காது. ஆகவே ‘மரம்’ என்ற நெடுவரிசையையும் அட்டவணையில் சேர்த்து, முதலில் மரவாரியாகத் தொகுத்து இடை காணப் பழக்குங்கள்.

பதில் 3

மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த எக்செலின் குறையைக் காட்டினால், பைதன் எதற்கு என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதிகளாக மாற்றிவிடும். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே மனித மரபணுப் பெயரிடற் குழு 2020இல் அவற்றின் பெயர்களை மாற்றி அமைத்தது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் நிரலிலேயே எழுதும் வழக்கத்தை முதல் வகுப்பிலிருந்தே வலியுறுத்துங்கள். களப்பணியை மாரி மழை தொடங்குமுன் முடித்துக்கொள்வதும் நல்லது.