புதுப்பிப்பு: தாத்தாவின் இசைத்தட்டுகள், ரீங்காரம் அடங்கியது

குடியாத்தத்து வீட்டுப் பரணில் கிடைத்த தாத்தாவின் இசைத்தட்டுகளைக் கணினியில் பதிவு செய்யும்போது ரீங்காரம் விடாமல் கேட்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். தட்டு சுழற்றியின் எர்த் கம்பிதான் காரணம். அதைப் போனோ ப்ரீஆம்ப்பின் (ஊசி எடுக்கும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) திருகில் இறுக்கியதும் நின்றுவிட்டது. வழி சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி!

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் மட்டும் இன்னும் கரகரத்தன. அவற்றின் பள்ளம் அகலமானது. எல்பிக்கான (பிற்கால வினைல் தட்டு) நுண்ணிய ஊசி அதன் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள அகலமான ஊசி மாற்றினேன். நாகஸ்வரம் எழுந்து வந்தது. பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு எச்சரிக்கை: 78 தட்டுகளை ஆல்கஹால் கொண்டு துடைக்காதீர்கள். அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைக்கிறேன். 'டிக்' ஒலிகளை நீக்குவது நகலில் மட்டுமே. அளவு மீறினால் மிருதங்கத்தின் அடியும் மழுங்குகிறது, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேலூர் வெயிலில் இரண்டு எல்பிகள் வளைந்துவிட்டன. மற்றவற்றைப் பரணிலிருந்து இறக்கி, உள்ளறை அலமாரியில் நிமிர்த்தி அடுக்கிவிட்டேன். பதிவு செய்ய இன்னும் பதினொரு தட்டுகள் பாக்கி.